பாதியில் நின்ற விருந்து

"சாரிட்டி பால் நடத்தலாம் சார்!"

சென்ற ஜனவரி மாதச் செயற்குழுக் கூட்டத்தில், நம் இளைஞர் அணியைச் சேர்ந்த ஒரு பெண் இப்படிச் சொன்னதும், போண்டாவைக் கடித்துக் கொண்டிருந்த பொருளாளர் நிமிர்ந்து பார்த்தார். "பாலா? பொங்கலுக்கு வாங்கியதே லிட்டர் கணக்கில் மீந்து போச்சே அம்மா!" என்றார். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று.

அந்தப் பெண் விடவில்லை. வெளிநாடுகளில் ஊர்மக்கள் ஒன்றுகூடி, தங்கள் ஊர்த் தீயணைப்பு வீரர்களையும் ஆம்புலன்ஸ் ஊழியர்களையும் விருந்தினர்களாக அழைத்து, சாப்பாடும் நடனமுமாக ஒரு மாலை நடத்துவார்களாம். நுழைவுச் சீட்டு விற்ற பணம் தர்ம காரியத்துக்குப் போகுமாம். அதற்குத்தான் 'சாரிட்டி பால்' என்று பெயராம்.

எனக்கு அது புதிதல்ல. ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரயில்வே இன்ஸ்டிட்யூட்டின் மரத்தரையில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஜோடி ஜோடியாக 'பால்' ஆடுவதை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவன் நான். ஆனால் நம் சங்கத்தில்?

"நாப்பது வருஷமா எங்காத்து மாமா என் கையைப் பிடிச்சதெல்லாம் ரோடு தாண்டத்தான். இப்போ டான்ஸா?" என்று ஒரு மாமி கேட்டதோடு நடனம் தள்ளுபடி ஆயிற்று. நடனத்துக்குப் பதில் மெல்லிசை. மேஜை விருந்துக்குப் பதில் இலைச் சாப்பாடு. மற்றபடி யோசனை அப்படியே ஏற்கப்பட்டது என்று தீர்மானம் எழுதப் போகும் நேரத்தில், ஓர் உறுப்பினர் எழுந்தார்.

"அவர்கள் சம்பளம் வாங்கிக் கொண்டுதானே வேலை செய்கிறார்கள்? நாமும்தான் முப்பது வருஷம் லோக்கல் ரயிலில் தொங்கிக் கொண்டு ஆபீஸ் போனோம். நமக்கு யார் சால்வை போர்த்தினார்கள்?"

நியாயமான கேள்விதான். தாராவியிலிருந்து வரும் அண்ணாச்சி ஒருவர் பதில் சொன்னார். "சார், நம்ம சண்முகானந்தா ஹால் 1990-ல எரிஞ்சதே, ஞாபகம் இருக்கா? திரும்பத் திறக்க 1998 ஆச்சு. அன்னிக்கு எல்லாரும் ஐயோ ஹால் போச்சே, கச்சேரி போச்சேன்னுதான் பேசினோம். அணைக்கப் போனவனைப் பத்தி ஒருத்தராவது பேசினோமா?"

யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். என் மௌனத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏன் ஏப்ரல் 14?

தேதி குறிக்க உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்கு நானும் செயலாளரும் போனோம். "சித்திரை முதல் நாள், ஏப்ரல் 14, எங்கள் புத்தாண்டு. அன்று மாலை வர முடியுமா?" என்று கேட்டோம். நிலைய அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்றைக்கா? அன்று என்ன நாள் என்று தெரிந்துதான் கேட்கிறீர்களா?" என்றார்.

தெரியாது. இந்த மும்பையில் வருடா வருடம் வேப்பம்பூப் பச்சடி சாப்பிட்டுச் சித்திரையை வரவேற்றிருக்கிறேன். அதே நாள் இந்த ஊர்த் தீயணைப்புப் படைக்குத் துக்க நாள் என்பது எனக்குத் தெரியாது.

1944-ஆம் வருடம், உலகப் போர் நடந்து கொண்டிருந்த சமயம். 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற சரக்குக் கப்பல் ஏப்ரல் 12-ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்து, விக்டோரியா டாக்கில் நின்றது. அதன் வயிற்றில் ஏறக்குறைய 1,400 டன் வெடிமருந்து. கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் அதே கப்பலில்! போதாததற்குப் பெட்டி பெட்டியாகத் தங்கக் கட்டிகள் வேறு. பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்காதே என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். போர்க்கால அவசரத்தில் யார் கேட்டார்கள்?

14-ஆம் தேதி பிற்பகல் கப்பலிலிருந்து புகை வந்தது. தீயணைப்பு வீரர்கள் விரைந்தார்கள். தீ எங்கே பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நூற்றுக்கணக்கான டன் தண்ணீரை இறைத்தார்கள். ஊற்றிய தண்ணீர் கப்பலுக்குள் கொதிக்கத் தொடங்கியது. மாலை 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்தில் இரண்டாவது வெடிப்பு, முதலாவதைவிடப் பெரியது. எரியும் பஞ்சு வானத்திலிருந்து மழையாகக் கொட்டி, துறைமுகத்தை அடுத்த குடியிருப்புகள் பற்றிக் கொண்டன. இறந்தவர்கள் 800 முதல் 1,300 பேர் வரை என்பது வெவ்வேறு கணக்கு. வீடிழந்தவர்கள் சுமார் 80,000 பேர். ஓட வாய்ப்பிருந்தும் குழாயைப் பிடித்துக் கொண்டு நின்ற தீயணைப்பு வீரர்களில் 66 பேர் அன்று மாண்டார்கள்.

கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக் கொண்டு கொடுக்கும் என்பார்கள் அல்லவா? அன்று அதுவும் நடந்தது. கப்பலிலிருந்து பறந்த தங்கக் கட்டி ஒன்று தொலைவில் ஒரு பார்சிப் பெரியவரின் வீட்டுக்குள் வந்து விழுந்தது. அவர் அதை எடுத்துக் கொண்டுபோய் ஒப்படைத்து விட்டார். இந்த ஊரில் அப்படியும் மனிதர்கள் இருந்தார்கள்.

அந்த 66 பேரின் நினைவாகத்தான் ஏப்ரல் 14 நாடு முழுவதும் தீயணைப்புப் பணி நாளாகவும், 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரமாகவும் அனுசரிக்கப்படுகிறது. பைக்குலாவில் உள்ள படையின் தலைமையகத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

"காலையில் அஞ்சலி முடிந்துவிடும். மாலையில் டியூட்டி இல்லாதவர்கள் வருவார்கள்" என்றார் அதிகாரி. "ஆனால் ஒன்று. யார் கையிலும் பணம் கொடுக்கக் கூடாது. நாங்கள் மாநகராட்சி ஊழியர்கள்."

அப்படியானால் சீட்டு விற்ற பணத்தை என்ன செய்வது? அவரே ஒரு வழி சொன்னார். தீக்காயம் ஆறிய பிறகு தழும்பு தடித்து, தோல் இழுத்துக் கொள்ளாமல் இருக்க, உடம்போடு ஒட்டி இறுக்கிப் பிடிக்கும் தனி உடை ஒன்று உண்டாம். அளவெடுத்துத் தைக்க வேண்டும்; குளிக்கும் நேரம் தவிர நாள் முழுவதும், மாதக் கணக்கில் போட்டுக் கொள்ள வேண்டும். ஏழைகளுக்கு அது எட்டாத விலை. தீக்காய வார்டில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதிலும் அடுப்படியில் வெந்தவர்களே அதிகம் என்றார். பணம் எங்கே போக வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. (வரவு செலவுக் கணக்கு பொருளாளரின் பக்கத்தில் தனியாக வெளியாகும்.)

காலியாக இருந்த முதல் வரிசை

விழா மாலை ஹால் நிரம்பி வழிந்தது. வாசலில் கோலம், பன்னீர், சந்தனம், கற்கண்டு. மாதுங்கா மார்க்கெட்டிலிருந்து வாழை இலையும் மல்லிகையும் வந்திருந்தன. முதல் வரிசையில் விருந்தினருக்காகப் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டிருந்தோம். வந்தவர்கள் ஐந்து பேர்: மூன்று தீயணைப்பு வீரர்கள், 108 ஆம்புலன்ஸின் டாக்டர் அம்மா ஒருவர், அதே வண்டியின் ஓட்டுநர். மற்றவர்களுக்கு டியூட்டி மாறிவிட்டதாம். முன்வரிசையில் ஏழு நாற்காலிகள் காலியாக இருந்ததைப் பார்த்து எனக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு யோசித்தேன். அந்த ஏழு பேரும் எங்கேயோ வேலையில் இருப்பதால்தானே நாம் இங்கே நிம்மதியாகப் பாட்டுக் கேட்டுக் கொண்டிருக்கிறோம்?

வந்தவர்களில் மூத்தவர் மராத்தியில் பேசினார். 2015 மே 9-ஆம் தேதி கால்பாதேவியில் ஒரு பழைய கட்டடம் தீப்பற்றியதை நம்மில் பலர் செய்தியில் பார்த்திருப்போம். அந்த விபத்தில் நான்கு அதிகாரிகள் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் மும்பைத் தீயணைப்புப் படையின் தலைமை அதிகாரி. காயங்களோடு பதினைந்து நாள் போராடி, மே 24-ஆம் தேதி அவர் காலமானார். "எங்கள் படையில் பெரியவர் பின்னால் நின்று உத்தரவு போடுவதில்லை. அவரும் உள்ளே வருவார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கை தட்டுவதா கூடாதா என்று தெரியாமல் கூட்டம் ஒரு நிமிடம் தவித்தது.

டாக்டர் அம்மா நம்மைச் சிரிக்க வைத்துத் திட்டினார். "தென்னிந்தியர் வீட்டுக்குப் போனால் தீக்காயத்தின் மேல் இட்லி மாவு இருக்கும். அதைக் கழுவி எடுக்கவே எனக்கு நேரம் போய்விடும். மாவு இட்லிக்கு, காயத்துக்குக் குழாய்த் தண்ணீர்!" என்றார். மாமிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள்.

மணி அடித்தது

டியூட்டியில் இருந்தவர்கள் வர முடியவில்லையென்றால் சாப்பாடு அவர்களிடம் போகட்டும் என்று முடிவெடுத்து, நாங்கள் ஆறு பேர் சாம்பார் வாளி, ரசத் தூக்கு, மைசூர்பாகு டப்பா சகிதம் நிலையத்துக்குப் போனோம். சிவப்பு வண்டிகளுக்குப் பக்கத்தில் பூட்ஸ்கள் வரிசையாக நின்றன. கனத்த கால்சட்டைகள் பூட்ஸின் மேலேயே சுருட்டி விடப்பட்டிருந்தன. பூட்ஸுக்குள் காலை விட்டுக் கால்சட்டையை மேலே இழுத்தால் போதும், ஆள் தயார்.

நீள மேஜையில் இலை போட்டோம். மாங்காய்ப் பச்சடியில் மிதந்த வேப்பம்பூவைப் பார்த்து ஓர் இளைஞர், "காகா, இது என்ன கசக்கிறது?" என்றார். புது வருடத்தில் கசப்பும் இனிப்பும் சேர்ந்தே வரும் என்பதற்காக என்று விளக்கினேன். "அட! எங்கள் குடீ பாட்வாவுக்கும் வேப்பிலையும் வெல்லமும்தானே!" என்று சிரித்து, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக் கொண்டார்.

சாம்பார் இரண்டாம் சுற்று வரவில்லை. மணி அடித்தது.

யாரும் கத்தவில்லை, ஓடி முட்டிக் கொள்ளவில்லை. நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்ட சத்தம், பூட்ஸ் சத்தம், வண்டியின் உறுமல். நான் கரண்டியை வாளியில் வைத்து நிமிர்வதற்குள் வண்டி வாசலைத் தாண்டிவிட்டது. மேஜையில் பாதி சாப்பிட்ட இலைகள். பிசைந்து வைத்த ஒரு கவளம் சோறு அப்படியே இருந்தது. எங்களுடன் வந்திருந்த மாமி மெதுவாகச் சொன்னார்: "இலையை எடுக்காதேங்கோ. வரட்டும்."

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். ஒரு கட்டடத்தின் மீட்டர் பெட்டியில் தீயாம், யாருக்கும் ஆபத்தில்லை. கரி படிந்த முகத்தோடு வந்தவர்களுக்குப் புது இலை போட்டு, ரசத்தைச் சுடவைத்துப் பரிமாறினோம். எத்தனையோ கல்யாணப் பந்தியில் பரிமாறியிருக்கிறேன். அன்று பரிமாறியதுபோல் என்றும் மனசு நிறைந்ததில்லை.

அவர்கள் கேட்டது

சாப்பிட்டு முடித்ததும், "உங்களுக்கு நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். அவர்கள் சால்வை கேட்கவில்லை. சொன்னதையெல்லாம் குறித்து வந்து இங்கே தருகிறேன்.

தீயில் முதலில் ஆளைச் சாய்ப்பது புகை. புகை மேலே ஏறும்; எனவே தரையோடு குனிந்து, ஈரத்துணியை மூக்கில் வைத்து வெளியேறுங்கள். லிஃப்டில் ஏறவே கூடாது.

கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தேங்கி நிற்கும். கேஸ் கசிவுக்கான உதவி எண் 1906.

வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, தட்டால் மூடிவிடுங்கள்.

தீப்புண்ணுக்கு ஓடும் குழாய்த் தண்ணீர் 20 நிமிடம். ஐஸ், மை, பற்பசை, மாவு எதுவும் வேண்டாம்.

நெஞ்சு வலியென்றால் 'கேஸ் டிரபிள்' என்று பெருங்காய மோர் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வழிகாட்ட ஓர் ஆளைக் கேட்டில் நிற்க வையுங்கள். தீயென்றால் 101. எதுவும் நினைவுக்கு வராவிட்டால் 112.

மகாராஷ்டிரத்தின் 2006-ஆம் வருடத் தீத்தடுப்புச் சட்டப்படி, கட்டடத்தின் தீயணைப்புச் சாதனங்கள் சரியாக இருப்பதாக வருடத்துக்கு இரு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், உரிமம் பெற்ற நிறுவனத்தின் சான்றிதழ் கொடுக்க வேண்டும். உங்கள் ஹவுசிங் சொசைட்டி கொடுத்ததா என்று அடுத்த பொதுக்குழுவில் கேளுங்கள்.

கடைசியாக அதிகாரி சொன்னது: "கேட்டையும் மாடிப்படியையும் காலியாக வையுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்."

என் மௌனத்தின் காரணம்

இனி நான் ஒத்திப் போட்ட விஷயம்.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளி இரவு. யாரோ விட்ட ராக்கெட் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடி பால்கனியில் புகுந்து, பழைய மெத்தையில் பற்றிக் கொண்டது. நாங்கள் நான்காவது மாடி. நானும் மனைவியும் கீழே விருந்தாளிகளை வழியனுப்பிக் கொண்டிருந்தோம். மேலே 82 வயது அம்மா தனியாக.

தீயணைப்பு வண்டி வந்தது. ஆனால் உள்ளே நுழைய முடியவில்லை. கேட்டை ஒட்டி ஒரு கார் நின்றது. அது என்னுடையது. 'ஒரு ராத்திரிதானே' என்று அங்கே விட்டிருந்தேன். பதற்றத்தில் சாவி எங்கே என்று தெரியவில்லை. கண்ணாடியை உடைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பையன்கள் காரைத் தள்ளினார்கள். அந்தச் சில நிமிடங்கள் எனக்கு யுகமாக இருந்தன.

ஓர் இளைஞர் புகைக்குள் ஏறி, அம்மாவை முதுகில் சுமந்து இறங்கினார். எங்கள் வாசலுக்கு வெளியே, படியின் திருப்பத்தில், இரும்புச் செருப்பு ஸ்டாண்டு ஒன்று இருந்தது. அதுவும் என்னுடையதுதான். புகையில் தெரியாமல் கால் தட்டி அவர் விழுந்தார். விழும்போது அம்மாவின் தலை சுவரில் படாதபடி தன் கையைக் கொடுத்தார். அம்மாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி வண்டியில் ஏறிப் போனது மட்டும் எனக்குத் தெரியும். பெயர்கூடக் கேட்கவில்லை.

அதன்பின் அம்மா நான்கு வருடம் இருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு பொட்டலம் அதிரசம் தனியாகக் கட்டி, "அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துட்டு வா" என்பார். சரி என்று வாங்கிக் கொண்டு போய் வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவேன். எந்த முகத்தோடு நிலையத்துக்குப் போவது? "அந்தப் பிள்ளை சாப்பிட்டானா?" என்று கேட்பார். "சாப்பிட்டார் அம்மா" என்பேன். நான்கு வருடமும் அதே பொய்.

அன்று இரவு, இலைகளையெல்லாம் எடுத்த பிறகு, இதை அதிகாரியிடம் சொன்னேன். "தேதி இருக்கிறதல்லவா? எல்லா அழைப்பும் பதிவேட்டில் இருக்கும்" என்றார். இரண்டு நாளில் போன் செய்தார். அந்த வீரர் இப்போது வேறொரு நிலையத்தில் இருக்கிறாராம்.

அதிரசம் எடுத்துக் கொண்டு போனேன். தலையில் லேசாக நரை விழுந்திருந்தது. தீபாவளி, ராக்கெட், நான்காவது மாடிப் பாட்டி என்று நான் சொல்லச் சொல்ல, மரியாதையாகக் கேட்டுக் கொண்டிருந்தார். நினைவுக்கு வரவில்லை. எத்தனை பாட்டிகள், எத்தனை தீபாவளிகள்! பிறகு நான் செருப்பு ஸ்டாண்டைப் பற்றிச் சொன்னேன். சட்டென்று நிமிர்ந்தார். வலது மணிக்கட்டைத் தடவிக் கொண்டே, "அது உங்களுடையதா காகா?" என்றார்.

பாட்டியை நினைவில்லை. செருப்பு ஸ்டாண்டு நினைவிருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. அதிரசத்தை எடுத்துக் கடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். கிளம்பும்போது மட்டும், "இப்போது படியில் என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

பேரனின் சைக்கிள் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் கீழே இறக்கினேன். எதிர்வீட்டு மாமி தன் துளசித் தொட்டியை நகர்த்த இன்னும் சம்மதிக்கவில்லை. பேசிப் பார்த்துக் கொண்டிருக்கிறேன்.

அடுத்த சித்திரைக்கும் விழா உண்டு. சீட்டு வாங்குவதற்கு முன், அன்பர்களே, ஒரு முறை உங்கள் வாசற்கதவைத் திறந்து மாடிப்படியை எட்டிப் பாருங்கள்.